ஆசீர்வாதம் முடியுமட்டும்

காப்பியக் குடிங்க ஐயரம்மா, ஆறிப்போவும். சீனி கூடிப்போச்சோ? எனக்குக் கை தாராளம். கொறையாப் போட்டுப் பழக்கமில்ல.

வயலெட் நர்சு வீட்டுக்குப் போயிட்டுத்தானே வாறீங்க? சன்னல் வழியாப் பாத்தேன். அங்க ரொம்ப நேரம் இருந்தீங்க. என்னைப் பத்திச் சொல்லியிருப்பா. சொல்லட்டும், நான் யாரையும் நியாயந்தீர்க்கிறவ இல்ல. கடைசி மணி அடிச்சு ஓஞ்ச பொறவு கோயிலுக்குள்ள வந்து, ஆசீர்வாதம் கூறுமுன்ன காலால செருப்பத் தேடுதவ அவ. அவ்வளவுதான் சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

எனக்கு உங்ககிட்ட ஒரு விண்ணப்பம் உண்டு. வாற கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில, கர்த்தர் எனக்குச் செஞ்ச நன்மையச் சபை முன்னால சாட்சியாச் சொல்ல நேரம் வேணும். கொஞ்ச நேரம் போதும். பழைய பாதிரி ஐயருகிட்டக் கேட்டேன். "பாப்போம் எப்சிபாயம்மா"ன்னு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாவ. பொறவு மாத்தலாகிப் போயிட்டாவ. ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பொண்டாட்டி சொன்னா கேக்காத ஐயரு உண்டா? என்ன சொல்லப்போறேன்னு உங்ககிட்டயே சொல்லிக் காட்டுதேன். தப்பிருந்தா திருத்துங்க. நீங்க படிச்சவங்க.

எங்க வீட்ல அவிய பேரு ஏசுவடியான். நான் வாயால சொல்றதில்ல. சாட்சின்னா பேரச் சொல்லணும்ல, அதுக்காகச் சொல்லுதேன். பேரப் பாருங்க, ஏசுவுக்கு அடியான். ஆனா அவிய கோயில் வாசப்படி மிதிச்சு வருஷக்கணக்கு ஆகியிருந்துச்சு. லாரி ஓட்டினாவ. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. என்னை ஒருநாள் கை நீட்டினது கிடையாது. கோயிலுக்கு மட்டும் வரமாட்டாவ. அது ஒண்ணு இல்லாம மத்ததெல்லாம் இருந்து என்ன செய்ய?

கல்யாணமான புதுசுல வந்துக்கிட்டுத்தான் இருந்தாவ. ஆம்பிளைங்க பக்கம் மூணாவது பெஞ்சு. நல்லாப் பாடுவாவ. எங்களுக்கு மூத்தது ஒரு பையன், ஜெபசீலன். அவனுக்கு ஒரு தடவ காய்ச்சல் கண்டுச்சு. அவிய லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் பக்கம் போயிருந்தாவ. அன்னைக்குக் கோயில்ல உபவாச ஜெபம். காய்ச்சல்காரப் பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கதா, இல்ல ஜெபம் நடக்குற இடத்துக்கே தூக்கிட்டுப் போறதா? நீங்களே சொல்லுங்க. நான் தூக்கிட்டுப் போனேன். மடியில போட்டுக்கிட்டு ஜெபிச்சேன். தண்ணி தண்ணின்னு கேட்டான். உபவாசம்னா உபவாசம்தானே ஐயரம்மா. பிள்ளைன்னு பாத்து நாம ஒரு வாய் தண்ணியில வாக்கு மாறிட்டா, பொறவு கர்த்தருகிட்ட எந்த மொகத்தோட கேக்க? பொழுது சாயுற நேரம் பிள்ளை அமைதியாயிட்டான். ஜெபம் கேட்டாச்சுன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து பாயில கிடத்தும்போதுதான் தெரிஞ்சுது.

கர்த்தருக்குச் சித்தம். எடுத்துக்கிட்டாரு. நான் மறு ஞாயித்துக்கிழமை கோயில்ல இருந்தேன். கேட்டுப் பாருங்க, முன்வரிசையில இருந்தேன். ஒரு ஞாயிறு தவறல.

அந்தக் காலத்துல போன் ஏது? அவிய வந்து சேருமுன்ன அடக்கம் ஆயிருச்சு. வந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனாவ. ரொம்ப நேரம் கழிச்சு வந்தாவ. என்னை ஏசுவாவ, அடிப்பாவன்னு பாத்தேன். ஒண்ணும் செய்யல. கை கழுவிட்டு வந்து எதுக்க உக்காந்தாவ.

"எப்சி, பிள்ள தண்ணி கேட்டானா?"ன்னாவ.

"கேட்டான்"னேன். பொய் சொல்ல எனக்கு வராது.

"இனிமே நான் அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன். நீ போ. உன்னைத் தடுக்கமாட்டேன்"னு சொன்னாவ.

அவ்வளவுதான். சாகுமட்டும் தடுக்கல. ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல என்னையக் கொண்டாந்து காம்பவுண்டு வாசல்ல எறக்கிவிடுவாவ. அந்த வாகை மரத்தடியில நின்னு பீடி குடிப்பாவ. ஆராதனை முடிஞ்சா கூட்டிட்டுப் போவாவ. ஊரே பாக்கும். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பொம்பள தெனம் தெனம் அவமானப்பட்டுச் சாகுதாளேன்னு ஒரு நெனப்பு கிடையாது. பியூலா பொறந்து, அவளுக்கு ஞானஸ்நானம். உள்ள வரல. வளந்து திருவிருந்து எடுக்குற வயசுல அவளுக்குத் திடப்படுத்தல். அப்பவும் வெளிய நின்னு சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தாவ. கல்யாணத்தன்னைக்கு வாசல் வரைக்கும் மகள் கையப் பிடிச்சு நடத்திட்டு வந்தாவ. படியில வந்ததும் கைய எடுத்து எங்க அண்ணன் கையில குடுத்துட்டு ஒதுங்கிட்டாவ. அவ தேம்பித் தேம்பி அழுதா. எல்லாரும் என்னையத்தான் திரும்பிப் பாத்தாவ. நானா தப்பு செஞ்சவ?

என் ஜெபம் ஒண்ணே ஒண்ணுதான். ஆண்டவரே, அவியளை உள்ள கொண்டுவாரும். எப்படியாவது கொண்டுவாரும்.

கொண்டுவந்தாரு ஐயரம்மா. அதுதான் சாட்சி. ஒருநாள் காலையில பல்லு விளக்கிக்கிட்டு நின்னவிய அப்படியே சாஞ்சுட்டாவ. வலது கை, வலது கால், நாக்கு, எல்லாம் இழுத்துக்கிட்டுது. ஆஸ்பத்திரியில இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது, வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்கன்னுட்டாவ. பியூலா கோயமுத்தூர்ல இருந்து வந்து, ஒரு சக்கர நாற்காலி வாங்கி வச்சுட்டுப் போனா. "அப்பாவ சாயந்தரம் கடற்கரைக்குத் தள்ளிட்டுப் போம்மா, காத்தாட இருக்கட்டும்"னா. கடற்கரைக்கு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கர்த்தர் எதுக்கு அந்த நாற்காலியக் குடுத்தாருன்னு அவளுக்குத் தெரியல.

முதல் ஞாயித்துக்கிழமை விடியுமுன்ன எந்திரிச்சு அவியளைக் குளிப்பாட்டினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எங்க போறோம்னு சொல்லல. தள்ளிக்கிட்டுப் போகும்போது சந்தோஷமாத்தான் வந்தாவ. காம்பவுண்டு வாசல் வந்ததும் தெரிஞ்சுபோச்சு. இடது கைக்குத்தான் பெலன் இருந்துச்சு, அதால கேட்டுக் கம்பியப் பிடிச்சாவ. பிடிச்சா விடல. நான் விரலை ஒண்ணொண்ணா எடுத்துவிட்டேன். மணியடிக்கிற கோயில்குட்டியாரு ஆரோன் வந்து நாற்காலியப் படியில தூக்கினாரு. அவிய வாயத் தொறந்து "ணாம்"னாவ. "ணாம், ணாம், ணாம்." நாக்கு விழுந்த பொறவு அவிய வாயில வந்த முதல் சத்தம் அது.

நான் எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னேன், "பாத்தீங்களா, வாசப்படியிலேயே ஆமென் சொல்லுதாவ"ன்னு.

கண்ணீர்னா கண்ணீர் ஐயரம்மா. அவிய கண்ணுல இருந்து தாரதாரையா ஓடுது. சபையில பாதிப்பேரு அழுதுட்டாவ. அந்தப் பழைய ஐயரு பீடத்துல இருந்து எறங்கி வந்து தலையில கை வச்சு ஜெபிச்சாவ. ஆம்பிளைங்க பக்கம் விட்டா யாரு பாத்துக்கிட? பொம்பளைங்க பக்கத்துலேயே முன்னால, என் பெஞ்சுக்குப் பக்கத்துல நாற்காலிய நிறுத்தினேன். எவ்வளவு காலமா காலியாக் கிடந்த இடம். அன்னைக்குத்தான் எனக்குத் தலை நிமிர்ந்துச்சு.

அதுல இருந்து ஒரு ஞாயிறு தவறல. பாட்டுப் பாடும்போது இடது கையால நாற்காலிக் கட்டையில அடிப்பாவ, தாளம் போடுத மாதிரி. ஐயரு பக்கத்துல வந்தா "ணாம்"பாவ. பாவ அறிக்கை வாசிக்கும்போது "ணாம்"பாவ. எல்லாத்துக்கும் ஆமென்தான்.

ஒரு லீவுக்கு பியூலா வந்திருந்தா. என்கூடக் கோயிலுக்கு வந்தா. வீட்டுக்கு வந்ததும் வராததுமா கதவைச் சாத்திட்டு நிக்கா.

"அம்மா, அப்பா ஆமென் சொல்லல"ன்னா.

"பொறவு என்ன சொல்லுதாவளாம்?"

"வேணாம்னு சொல்லுதாவ. வேணாம், வேணாம்னு கெஞ்சுதாவ. உனக்குக் கேக்கலையா?"

"ஏட்டி, கூடவே கிடந்து மூத்திரம் பீ அள்ளுதவளுக்குத் தெரியாதது, கோயமுத்தூர்ல இருக்குதவளுக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்"னேன்.

அவ அவிய முன்னால முட்டுப் போட்டு உக்காந்து, "அப்பா, கோயிலுக்குப் போக வேணாமா?"ன்னு கேட்டா. அவிய அவ கையப் பிடிச்சு நெஞ்சுல வச்சுக்கிட்டு ஓன்னு அழுதாவ. பாருங்க, கோயில்னு சொன்னதும் எப்படி ஆவியில நெறஞ்சு அழுதாவன்னு. அவளுக்கு அது புரியல. "நான் அப்பாவக் கூட்டிட்டுப் போறேன்"னா. கட்டினவ நான் இருக்கேன், உயிரு இருக்குமட்டும் விடமாட்டேன்னு சொல்லிட்டேன். மருமகனும், மாடிவீடு, இவியளை வச்சுப் பாக்க வசதிப்படாதுன்னு தயங்கினாரு. அவ தனியாத்தான் ரயில் ஏறினா.

கொஞ்ச நாள் கழிச்சு சபையில மொனகல் வந்துச்சு. வாடை அடிக்குதாம். ஆராதனை நடுவுல அவிய நனைச்சிருவாவ, இல்லேங்கல. முதல் நாள் அழுதவளுகளேதான் முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டுப் பின் பெஞ்சுக்குப் போனாளுவ. அதுக்கும் ஒரு வழி பண்ணினேன். சனிக்கிழமை பொழுது சாஞ்சா ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கமாட்டேன். ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வந்துதான் தண்ணி. அவியளுக்கு உபவாசமும் ஆச்சு, சபைக்கும் தொந்தரவில்ல. உதடு வெடிச்சிருக்கும். நான் வெண்ணெய் தடவிவிடுவேன். குறை வைக்கல.

அப்படியிருந்தும் ஒருநாள் ஐயரு வீட்டுக்கு வந்தாவ. நீங்க இருக்கீங்களே, இதே நாற்காலியிலதான் இருந்தாவ.

"எப்சிபாயம்மா, மாசம் ஒருதரம் நானே வீட்டுக்கு வந்து திருவிருந்து குடுக்கேன். அண்ணாச்சிய ரொம்பச் சிரமப்படுத்த வேண்டாம்"னாவ.

"சிரமமா? யாருக்கு? சபையாருக்கா, உங்களுக்கா?"

"அவியளுக்குத்தாம்மா. மொகத்தப் பாத்தாத் தெரியுது."

"வீட்ல இருந்துக்கிட்டு ஆராதிக்கலாம்னா கோயில எதுக்குக் கட்டி வச்சிருக்கு?"ன்னு கேட்டேன். ஐயரு காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுட்டாவ.

பொறவு போன வருஷப் பிரதிஷ்டைப் பண்டிகை வந்துச்சு. அந்த வாரம் அவியளுக்குக் காய்ச்சல். மூச்சு கொஞ்சம் கரகரன்னு இழுத்துச்சு. சனிக்கிழமை வயலெட் நர்சு வந்து நெஞ்சுல காத வச்சுப் பாத்தா. "நெஞ்சுல சளி கட்டியிருக்கு அக்கா, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும். நான் வண்டிக்குச் சொல்லுதேன்"னா.

"பண்டிகை ஆராதனை முடிஞ்சதும் கொண்டுபோவேன்"னேன்.

"அதுவரைக்கும் தாங்காது."

"தாங்குதவரு மேல இருக்காரு"ன்னேன். கதவத் தொறந்துவிட்டேன், போயிட்டா. அவளுக்கு என் மேல அன்னையில இருந்து காட்டம். நர்சு சொல்லி நாம கேக்கலையேன்னு.

பண்டிகைன்னா இந்த ஊர்ல எப்படின்னு நீங்க இனிமேதான் பாக்கப் போறீங்க. வெளியூர்ல இருக்குதவுகளெல்லாம் வந்திருவாவ. கோயில் முழுக்கக் கூட்டம், வெளிய பந்தல். அந்தப் பக்கம் அசன விருந்துக்கு அண்டா அண்டாவாச் சோறு வெந்துக்கிட்டிருக்கும். அவிய அன்னைக்கு ரொம்ப நல்லபடியா வந்தாவ. கேட்டுக் கம்பியப் பிடிக்கல. ஒரு சத்தம் இல்ல. ஆரோனே சொன்னாரு, "அண்ணாச்சி இன்னைக்கு அமைதியா இருக்காவ"ன்னு. சமாதானம் வந்துட்டுதுன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

பிரசங்கம் பண்ண வெளியூர்ல இருந்து ஒருத்தரு வந்திருந்தாரு. நீளமாப் பேசினாரு. நடுவுல அவிய தலை தொங்கிச்சு. ஜெபிக்காவன்னு விட்டுட்டேன். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எந்திரிச்சோம். அப்பத்தான் கையத் தொட்டேன். தெரிஞ்சுபோச்சு. ஜெபசீலனத் தொட்ட கை இது. தெரியாதா?

நான் பொய் சொல்லமாட்டேன். தெரியும் எனக்கு. ஆனா நீங்க என் இடத்துல இருந்து பாருங்க. அப்பமும் திராட்சரசமும் பீடத்துல ஆயத்தமா இருக்கு. அவ்வளவு சனம் காத்துக்கிட்டிருக்கு. நான் ஒரு சத்தம் போட்டா ஆராதனை நின்னுபோவும். ஒரு மனுசனுக்காக ஆண்டவரோட ஆராதனைய நிறுத்தலாமா? அவிய தலைய நிமித்தி, துண்டை மடிச்சுக் கழுத்துக்கு முட்டுக்குடுத்தேன். கண்ணு பாதி தொறந்திருந்துச்சு, மூடிவிட்டேன். விசுவாசப் பிரமாணத்த முழுசாச் சொல்லி முடிச்சேன். ஒரு வார்த்தை விடல.

திருவிருந்துக்கு நான் போய் முழங்கால் போட்டு வாங்கிட்டு வந்தேன். எல்லாருக்கும் குடுத்த பொறவு ஐயரு வழக்கம்போல தட்டெடுத்துக்கிட்டுக் கீழ எறங்கி அவிய கிட்ட வந்தாவ. அப்பத்த நீட்டினாவ. வாய் தொறக்கல. நான் தாடையப் பிடிச்சுத் தொறந்தேன். ஐயரு விரல் அவிய உதட்டுல பட்டுது. அப்படியே நின்னுட்டாவ. என்னைப் பாத்தாவ. நான் ஐயரைப் பாத்தேன்.

"குடுங்க ஐயா, சபை பாக்குது"ன்னு மெதுவாச் சொன்னேன்.

வச்சுட்டாவ. நாக்குல வச்சுட்டாவ. "ஆமென்"னு நான் சொன்னேன், அவியளுக்காக. அந்த ஒரு தடவதான் நான் சொன்னது. மத்த எல்லா ஆமெனும் அவியளே சொன்னது.

பொறவு ஐயருக்கு வாசகம் குளறுது. பாட்டு நம்பரைத் தப்பாச் சொல்லுதாவ. நான் மட்டும் அசையல. கடைசிப் பாட்டு பாடி, ஆசீர்வாதம் கூறி, காணிக்கைப் பையெல்லாம் உள்ள போய், பின்னால மணியடிச்ச பொறவுதான் எந்திரிச்சு, "எங்க வீட்ல அவிய கர்த்தருக்குள்ள போயிட்டாவ"ன்னு சொன்னேன். ஆசீர்வாதம் முடியுமட்டும் ஒருத்தரும் எந்திரிக்கக்கூடாதுல்லா. அவியளும் எந்திரிக்கல, நானும் எந்திரிக்கல. கோயிலுக்கு வெளிய நின்ன மனுசன், ஆலயத்துக்குள்ள, பண்டிகையன்னைக்கு, வாயில திருவிருந்தோட போனாவ. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

ஆனா சனம் என்ன பேசிச்சு தெரியுமா? அசனம் கெட்டுப்போச்சாம். இழவு விழுந்த இடத்துல யாரு சாப்பிட? அண்டாச் சோறும் கறியும் மண்ணுக்குப் போச்சாம். அதுக்கு என்னைய ஏசுதாவ. வயலெட் நர்சு ஒரு படி மேல போய், கொன்னுட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா. உங்ககிட்டயும் அதைத்தானே சொன்னா? உங்க மொகமே சொல்லுது. சரி, விடுங்க.

பியூலா அடக்கத்துக்கு வந்தா. கோயிலுக்குள்ள வரமாட்டேன்னுட்டா. அவிய நின்ன அதே மரத்தடியில போய் நின்னுக்கிட்டா. நான் போய்க் கூப்பிட்டேன்.

"அப்பா உள்ள இருக்கையில நீ வெளிய நிக்கலாமா? வா."

"அப்பா உள்ள இல்ல"ன்னா. "நீ உள்ள போம்மா. உனக்கு நேரமாவுது."

அதுதான் கடைசியா அவ என்கூடப் பேசின பேச்சு. அதுல இருந்து நான் போன் பண்ணினா எடுக்கமாட்டா. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போறாளான்னு மருமகன் கிங்ஸ்லிகிட்டக் கேட்டேன். போறதில்லையாம். புருசன் போனாவ, இப்ப மகளும். எனக்கு இது எவ்வளவு பெரிய பாரம்னு யாருக்குத் தெரியும்? தெனமும் முழங்கால்ல நின்னு கேக்கேன். ஆண்டவரே, அவளையும் உள்ள கொண்டுவாரும்.

நேத்து மருமகன் போன் பண்ணினாரு. பியூலா மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாளாம். இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணியிருக்காம். இவருக்கு லீவு கிடையாது. "அத்தை, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்ததும் நீங்க வந்து கொஞ்ச காலம் பாத்துக்கிடணும். அவகிட்ட இன்னும் சொல்லல, சொன்னா ஒத்துக்கிட மாட்டா"ன்னாரு. சொல்லவே வேண்டாம் மாப்பிள்ள, நான் வந்து முன்னால நிக்கும்போது அவ பாத்துக்கிடட்டும்னு சொன்னேன். பெத்தவளப் பாத்தா மனசு எளகாதா?

அதனால திங்கக்கிழமை புறப்படுதேன். ஞாயித்துக்கிழமை நான் பயணம் பண்றதில்ல. பண்டிகைக்குள்ள திரும்பிருவேன், சாட்சிய மட்டும் மறந்துராதீங்க. எல்லாம் நல்லா விசாரிச்சுட்டேன். ரெண்டு மாசத்துக்குக் கால ஊனவே கூடாதாம். மாடியில இருந்து எறங்க இப்பப் புதுசா லிப்ட் வச்சிருக்காவளாம். தெருமுனையிலேயே ஆலயம். காலையில ஒரு ஆராதனை, சாயந்தரம் ஒரு ஆராதனையாம் ஐயரம்மா. ரெண்டுக்கும் கூட்டிட்டுப் போயிருவேன்.